டாட் கார்டன்: தோட்டம் வளர்ப்பவர்களுக்கு ஓர் இணைய முகவரி

இணைய முகவரி என்றாலே டாட் காம் என்றுதான் முடிய வேண்டும் என்பதில்லை. டாட் கார்டன் என்று முடியும் முகவரிகளும் இருக்கின்றன. புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் வைத்திருப்பவர்கள், காரிடாரில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்ப்பவர்கள், விதை மாற்றிக்கொள்ளும் குழு நடத்துபவர்கள் என்று சிங்கப்பூரில் செடி மேல் ஆசை கொண்ட எவருக்கும் இதைக் கேட்டதும் இரண்டு கேள்வி எழும். இது நிஜமான முகவரிதானா? நமக்கு இது தேவையா? முதல் கேள்விக்கு ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, முகவரி என்பது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஆனால் டாட் கார்டன் முகவரியின் கடைசிப் பகுதியை உலாவியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் சிங்கப்பூருக்கு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு சமூகத் தோட்டக் குழு ‘முருங்கை டாட் கார்டன்’ என்று முகவரி வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். நாம் அதை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி வலமிருந்து இடமாகப் படிக்கும். கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதை உயர்மட்ட டொமைன் என்பார்கள். இந்தக் கட்டுரையில் பின்னொட்டு என்றே சொல்கிறேன். அதற்கு இடப்பக்கம் இருப்பது நீங்கள் காசு கட்டிப் பதிவு செய்யும் பெயர். அதற்கும் இடப்பக்கம், விதைக்கு ஒன்று, தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலுக்கு ஒன்று என்று எத்தனை உட்பெயர் வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இப்போது அந்தத் தோட்டத்தின் வேலியில் ஒரு கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறது. மாலை நடைக்கு வந்த பக்கத்து புளோக் அக்கா ஒருவர், வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவைப் பார்த்து நின்று, கைப்பேசியை எடுத்து அதை ஸ்கேன் செய்கிறார். பக்கம் திறக்க ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் நடப்பது இதுதான். முருங்கை டாட் கார்டன் எங்கே இருக்கிறது என்று கைப்பேசிக்குத் தெரியாது. இணையச் சேவை தரும் நிறுவனத்தின் கணினி ஒன்றைக் கேட்கிறது. அந்தக் கணினிக்கும் தெரியாவிட்டால், அது மூலச் சர்வர்களில் ஒன்றிடம் போகும். உலகம் முழுமைக்கும் இவற்றுக்கு 13 பெயர்கள்தான், ‘ஏ’ முதல் ‘எம்’ வரை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பல நாடுகளில் பல கணினிகள் நிற்கின்றன. மூலச் சர்வருக்கு முருங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார்டன் என்ற பின்னொட்டைக் கவனித்துக்கொள்ளும் கணினிகள் எவை என்று மட்டும் அது சொல்லும். அங்கே போய்க் கேட்டால், முருங்கை என்ற பெயருக்குப் பொறுப்பான கணினி எது என்று சொல்வார்கள். அந்தக் கணினிதான் கடைசியில் எண் வடிவிலான உண்மையான முகவரியைக் கொடுக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கைப்பேசி பக்கத்தைத் திறக்கிறது. கிடைத்த விடையைச் சேவை நிறுவனத்தின் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் அடுத்து ஸ்கேன் செய்பவருக்கு இந்தச் சுற்று முழுவதும் தேவைப்படாது.

இந்த ஏற்பாட்டில் தோட்டக்காரர்களுக்கு மிகவும் உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. பெயர் வேறு, பக்கம் இருக்கும் இடம் வேறு. இன்று உங்கள் பக்கத்தை ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைத்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு வேறு இடத்துக்கு மாற்றினால், பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். வேலியில் ஒட்டிய குறியீடு அப்படியே இருக்கும். சமூக ஊடகப் பக்கத்தின் முகவரியையே பலகையில் அச்சடித்துவிட்டால் இந்த வசதி கிடையாது. அந்தத் தளம் விதியை மாற்றினாலோ, கணக்கை வைத்திருந்தவர் வீடு மாறிப் போனாலோ, வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்படி செலவு செய்து செய்த பலகையைக் கழற்ற வேண்டியதுதான். சொந்தப் பெயர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. அது டாட் கார்டனா வேறொன்றா என்பது அடுத்த கேள்வி.

இந்தப் பின்னொட்டு எப்படி வந்தது

டொமைன் பெயர் முறையை 1983ல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். டாட் காம் 1985ல் நடைமுறைக்கு வந்தது. ‘சிம்பாலிக்ஸ்’ என்ற கணினி நிறுவனத்தின் பெயரில் முதல் டாட் காம் முகவரி பதிவானது அந்த ஆண்டு மார்ச் 15ஆம் தேதி. சிங்கப்பூருக்கு டாட் எஸ்ஜி கிடைத்தது 1988ல். அப்புறம் வெகுகாலம் பொதுவான பின்னொட்டுகள் சிலவே இருந்தன. நல்ல பெயர் எல்லாம் டாட் காமில் தீர்ந்துபோயிற்று என்று குறைப்பட்டவர்கள் நிறைய.

அது மாறியது சிங்கப்பூரில்தான். உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2011 ஜூனில் இங்கே கூடியது. ஜூன் 20ஆம் தேதி, புதிய பின்னொட்டுகளுக்குக் கதவைத் திறந்துவிடும் திட்டத்துக்கு அதன் இயக்குநர் குழு இங்கேதான் ஒப்புதல் கொடுத்தது. 2012ல் விண்ணப்பம் வாங்கினார்கள். ஒரு பின்னொட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் 185,000 அமெரிக்க டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,930. அப்படிப் பிறந்த பின்னொட்டுகளில் ஒன்று கார்டன். ஃபார்ம், ஃபுளோரிஸ்ட், ஃபிளவர்ஸ், கிரீன், ஆர்கானிக் என்று செடி கொடியோடு உறவுள்ள வேறு சிலவும் அதே சுற்றில் வந்தவைதான்.

டாட் கார்டனை முதலில் நடத்தியது மைண்ட்ஸ் பிளஸ் மெஷின்ஸ் என்ற நிறுவனம். 2021ல் அதன் பின்னொட்டுகள் கோடாடி நிறுவனத்தின் பதிவகப் பிரிவுக்குக் கைமாறின. பின்னொட்டு ஒன்றை நடத்தும் அமைப்பைத்தான் பதிவகம் என்பார்கள். இது வெறும் வியாபாரச் செய்தி அல்ல. பின்னொட்டை நடத்துவது ஒரு நிறுவனம் என்றால் விலையையும் விதியையும் முடிவு செய்வதும் அந்த நிறுவனம்தான். கைமாறும்போது அவையும் மாறலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டக்காரர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. பெயரைப் பார்த்துப் பலரும் அப்படி நினைக்கிறார்கள். டாட் கார்டன் பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். செடி வளர்க்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே ஒரு கடை டாட் கார்டன் முகவரியோடு ஆர்க்கிட் செடி விற்றால், அந்த முகவரி அந்தக் கடையின் நேர்மைக்கு எந்தச் சான்றும் இல்லை. மற்ற எந்த இணையக் கடையையும் எப்படி விசாரித்து வாங்குவீர்களோ அப்படியே இதிலும் விசாரியுங்கள்.

எல்லாப் பின்னொட்டும் இப்படித் திறந்த வாசல் இல்லை. டாட் ஆர்கானிக் இயற்கை வேளாண்மையோடு தொடர்புள்ளவர்களுக்கென்று வரம்பு வைத்துத் தொடங்கப்பட்டது. நம்முடைய டாட் எஸ்ஜி இன்னொரு வகை. அதைப் பதிவு செய்யும்போது உள்ளூர்த் தொடர்பாளர் ஒருவர் சிங்பாஸ் மூலம் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவர் யார் என்று பதிவகத்துக்குத் தெரியும் என்பதுதான் அதற்குப் பொருள். டாட் எஸ்ஜியை எஸ்ஜிநிக் நடத்துகிறது. அது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வரும் நிறுவனம்.

தேடுபொறியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. டாட் கார்டன் என்று முகவரி இருந்தால் தோட்டம் பற்றித் தேடுபவர்களுக்கு நம் பக்கம் முதலில் வரும் என்று சில விற்பனைப் பேச்சுகளில் கேட்கலாம். புதிய பின்னொட்டுகளை மற்றவற்றைப் போலவே நடத்துகிறோம், அதில் இருக்கும் சொல்லுக்காகக் கூடுதல் மதிப்பும் கிடையாது, குறைவும் கிடையாது என்று கூகல் 2015ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. காரிடாரில் வெற்றிலைக்கொடி ஏன் பழுக்கிறது என்று தெளிவாக எழுதினால்தான் அதைத் தேடுபவர் உங்களிடம் வருவார். டாட் எஸ்ஜி போன்ற நாட்டுப் பின்னொட்டு மட்டும், இந்தப் பக்கம் சிங்கப்பூர்க்காரர்களுக்கானது என்று தேடுபொறிக்கு ஒரு குறிப்புக் கொடுக்கும்.

அப்படியானால் டாட் கார்டனால் என்ன பயன்? படிக்கிற மனிதருக்குத்தான் பயன். முகவரியைப் பார்த்ததுமே இது தோட்டம் சார்ந்தது என்று விளங்கிவிடுகிறது. முருங்கை டாட் காம் என்றால் சமையல் குறிப்பா, மருந்துக் கடையா, சத்துமாவு விற்பவரா என்று தெரியாது. அதோடு, டாட் காமில் எப்போதோ போய்விட்ட சின்னஞ்சிறு பெயர்கள் இங்கே இன்னும் கிடைக்க வாய்ப்பு அதிகம். துளசி, மல்லிகை, செம்பருத்தி என்று ஒரே சொல்லில் முகவரி வேண்டுமென்றால் தேடிப் பார்க்கத் தகுந்த இடம். 1967ல் பூந்தோட்ட நகரம் என்ற கனவோடு தொடங்கி, 2005 முதல் தேசியப் பூங்காக் கழகத்தின் திட்டத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே சமூகத் தோட்டங்களை வளர்த்துவரும் ஊரில் இந்தச் சொல் முகவரியில் அழகாகவே உட்காரும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வாங்குவது என்கிறோம், ஆனால் குத்தகைதான்

டொமைன் பெயரை ‘வாங்கினேன்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது குத்தகை. பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் கொடுக்கும் தோட்டப் பாத்தியைப் போலத்தான்: இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், கட்டணம் கட்டும் காலம்வரை அதில் கீரையோ வெண்டையோ உங்கள் விருப்பம், குத்தகை முடிந்தால் பாத்தி உங்களுடையது இல்லை. ஒரு வித்தியாசம், தோட்டப் பாத்திக்கு மூன்று ஆண்டுக் கெடு. டொமைன் பெயரை நேரத்தில் புதுப்பித்துக்கொண்டே போனால் எத்தனை காலமும் வைத்திருக்கலாம். ஒரே தடவையில் அதிகம் 10 ஆண்டுக்குக் கட்டலாம்.

நீங்கள் நேரே பதிவகத்திடம் போவதில்லை. பதிவாளர் எனப்படும் விற்பனை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் பதிவு செய்வீர்கள். ஒரே பெயருக்குப் பதிவாளருக்குப் பதிவாளர் விலை மாறும். கவனிக்க வேண்டியது முதல் ஆண்டு விலையை அல்ல. புதிய பின்னொட்டுகளில் முதல் ஆண்டைச் சலுகை விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து பல மடங்கு வாங்குவது சாதாரணம். காசு கட்டும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் ‘புதுப்பிப்பு’ என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் ஆண்டுதோறும் குழு கட்டப்போகும் தொகை. சில நல்ல சொற்களைப் பதிவகமே ‘பிரீமியம்’ என்று பிரித்து வைத்து அதிக விலை வைத்திருக்கும். அதிலும் சிலவற்றில் புதுப்பிப்பும் அதே உயர்ந்த விலைதான்.

புதிய பின்னொட்டுகளுக்கு ஐகான் விலை உச்சவரம்பு வைக்கவில்லை. புதுப்பிப்பு விலையை ஏற்றுவதென்றால் பதிவகம் 180 நாளுக்கு முன்பே பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் விதி. அறிவிப்பு வந்ததும் பழைய விலையிலேயே சில ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிட வாய்ப்புண்டு. ஆகவே பதிவாளர் அனுப்பும் மின்னஞ்சல்களைத் திறந்து பார்க்கும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

பெயரோடு இணையதளம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் தனி, பக்கத்தை வைக்கும் சர்வர் இடம் தனி, மின்னஞ்சல் தனி. மூன்றையும் சேர்த்துக் கட்டாக விற்பவர்கள் உண்டு; வசதிதான், ஆனால் பின்னால் பிரிக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தொடக்கத்தில், இலவசமாகக் கிடைக்கும் ஒற்றைப் பக்கத்துக்குப் பெயரைத் திருப்பிவிட்டாலே ஒரு சமூகத் தோட்டத்துக்குப் போதும்.

பதிவு செய்ததும் உங்கள் மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படும். ஏமாற்றுக் கடிதம் என்று நினைத்து அதை அழித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பதிவாளரிடம் பதிவு செய்தீர்களோ அவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். வீட்டு முகவரி உலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. 2018க்குப் பிறகு டாட் கார்டன் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் தனிநபர் விவரங்களைப் பெரும்பாலும் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். இருந்தாலும் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு சின்னத் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். பழைய படிவங்கள் சில, மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் பகுதி நான்கு எழுத்துக்கு மேல் இருந்தால் தவறு என்று தள்ளிவிடும். கார்டன் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. அதனால் குழுவின் முக்கியமான மின்னஞ்சலுக்கு டாட் கார்டன் முகவரியை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். தொலைபேசியில் சொல்லும்போதும், கேட்பவர் தானாகவே கடைசியில் ஒரு டாட் காம் சேர்த்துக்கொள்வார். எழுதிக் காட்டுவது மேல்.

டாட் எஸ்ஜியும் டாட் சிங்கப்பூரும்

வருகிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துப் புளோக்கிலிருந்துதான், மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூடுவது என்பதுதான் செய்தி என்றால், டாட் எஸ்ஜி எனக்குச் சரியாகப் படுகிறது. இங்கே உள்ளவர்கள் அதை நம்புகிறார்கள், சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். டாட் காம் டாட் எஸ்ஜி தொழில் பதிவு உள்ளவர்களுக்கானது என்பதால் குடியிருப்பாளர் குழுவுக்கு அது ஒத்துவராது. நேரே டாட் எஸ்ஜி எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்தும் வாசகர்கள் வர வேண்டும், வெப்பமண்டலச் செடிகளைப் பற்றி எழுதப்போகிறோம், அல்லது நாற்று விற்கப்போகிறோம் என்றால் டாட் கார்டன் பொருத்தம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே முடியும் நாட்டுப் பின்னொட்டுகள் மூன்று: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். ‘.சிங்கப்பூர்’ 2011 முதல் இணையத்தின் மூலப் பட்டியலில் இருக்கிறது. உள்ளுக்குள் கணினி இதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்ளும்; நமக்குத் தெரிவது தமிழ்தான். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத பக்கத்து வீட்டுச் சீன, மலாய் நண்பர்களும் தோட்டத்தில் இருப்பார்கள் என்பதால் ஒரே முகவரியாக இதை வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் தமிழ்ச் செடிப்பெயர்களைத் தொகுக்கும் பக்கம் ஒன்று இருந்தால், இரண்டாவது முகவரியாக இது அங்கே இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இரண்டு முகவரியும் ஒரே பக்கத்துக்குப் போகும்படி வைக்கலாம்.

யார் பெயரில் பதிவு செய்வது

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். சமூகத் தோட்டம் என்பது பலர் சேர்ந்து செய்வது. ஆனால் டொமைன் பெயர் பதிவாவது ஒருவர் கணக்கில், ஒருவர் மின்னஞ்சலில், ஒருவர் கடன் அட்டையில். அந்த ஒருவர் பெரும்பாலும் குழுவில் இணையம் தெரிந்த இளைஞர். அவர் தேசிய சேவைக்குப் போகலாம், வெளிநாட்டுப் படிப்புக்குப் போகலாம், பிடிஓ வீடு கிடைத்துப் புங்கோலுக்கு மாறலாம். அவருடைய அட்டை காலாவதியானால் புதுப்பிப்பு நின்றுவிடும். நினைவூட்டும் கடிதங்கள் அவர் இனிமேல் பார்க்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. டாட் கார்டன் போன்ற பின்னொட்டுகளில் பெரும்பாலான பதிவாளர்கள் சில வாரம் அவகாசம் கொடுப்பார்கள். பதிவகத்தின் பக்கம் அது அதிகம் 45 நாள். அந்த நேரத்தில் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதற்குள் பக்கம் திறக்காமல் போய்விடும் என்பதால் யாராவது கவனித்துவிடுவார்கள். அதுவும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்க அபராதம் போலப் பெரிய தொகை கேட்பார்கள். பின்னர் 5 நாள் கழித்துப் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களுக்காகவே காத்திருந்து எடுத்து, விளம்பரமோ சூதாட்டப் பக்கமோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது வேலியில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்யும் குழந்தை பார்ப்பது அதைத்தான்.

ஆகவே கணக்கைத் தொடங்கும்போதே குழுவுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் வைத்து அதில் பதிவு செய்யுங்கள். அந்த மின்னஞ்சல் டாட் கார்டன் முகவரியிலேயே இருக்கக்கூடாது. பெயர் முடங்கினால் அதை மீட்கும் கடிதமும் வந்துசேராது. இரண்டு பேருக்கு அதன் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பு ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருந்தால், மாற்றுக் குறியீடுகளை அச்சடித்துக் குழுவின் கோப்பில் வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அட்டை முடியும் மாதத்தையும் அதே தாளில் எழுதுங்கள். புதிதாகப் பதிவு செய்த பெயரை முதல் 60 நாளுக்குப் பெரும்பாலும் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதால் எந்தப் பதிவாளர் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். பொறுப்பாளர் மாறும் ஆண்டில், மண்வெட்டியையும் உரமூட்டையையும் கொட்டகைச் சாவியையும் ஒப்படைக்கும் அன்றே இந்தத் தாளையும் ஒப்படைத்து, புதியவர் ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கும்வரை பழையவர் பக்கத்தில் இருக்கட்டும்.